கினி கூடினால் வளர்ச்சி கூடுமா? (6.6 பஞ்சாயத்து)

அரசம்பட்டியான்:
ஏற்றத்தாழ்வு வளர்ச்சியைக் கெடுக்கும் என்று நேற்றும் ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். பொருளாதார வல்லுநர் கிறிஸ்டின் ஃபோர்ப்ஸ் ஒரு கட்டுரையில் அதை 2000-லேயே முடித்துவைத்துவிட்டார். 45 நாடுகள், 1966 முதல் 1995 வரை, ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்து 180 தரவுப் புள்ளிகள். கினி (ஏற்றத்தாழ்வின் அளவு; 0 என்றால் எல்லோரும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவர் கையில்) 10 புள்ளி ஏறினால் அடுத்த ஐந்தாண்டில் ஆண்டு வளர்ச்சி 1.3 சதவீதப் புள்ளி கூடுகிறது. ஏற்றத்தாழ்வு கெடுதல் என்று 1994-இல் அலெசினா–ரோட்ரிக் செய்தது நாட்டுக்கு நாடு ஒப்பீடு. ஒரே நாட்டுக்குள் பார்த்தால் கழித்தல் குறி கூட்டல் குறியாகவே மாறிவிடுகிறது.

கணக்குப்பிள்ளை:
முடித்துவைத்தாராம்! அந்தக் கினிகளில் எது வருமானத்தில் எடுத்தது, எது செலவில் எடுத்தது? இந்தியாவில் என்எஸ்எஸ்காரர் (தேசிய மாதிரி ஆய்வு) வீட்டுச் செலவைக் கேட்பார், அமெரிக்காவில் வருமானத்தைக் கேட்பார்கள். ஃபோர்ப்ஸ் எடுத்த டெய்னிங்கர்–ஸ்கொயர் 1996 தரவில் இரண்டுக்கும் சராசரி வித்தியாசம் 6.6. ஃபோர்ப்ஸ் அதைத் தூக்கி எல்லாச் செலவுக் கினியோடும் கூட்டிவிட்டார். எந்த நாடானாலும், எந்த ஆண்டானாலும் அதே 6.6.

அரசம்பட்டியான்:
ஒவ்வொரு நாட்டையும் அதன் பழைய நிலையோடு மட்டும் ஒப்பிடும் ஃபிக்சட் எஃபெக்ட் மாடலில் அந்த 6.6 கரைந்துபோகும் சார். ஒவ்வொரு சுற்றிலும் அதே எண்ணைக் கூட்டினால் ஒரு சுற்றிலிருந்து முந்தைய சுற்றைக் கழித்து வேறுபாடு எடுக்கும்போது சுழியம். இது முதல் பருவப் பாடம்.

சில்லறைக்காசு:
ஒரு சந்தேகம். கினி என்று இங்கே சொல்வது வரிக்கு முன்னா, பின்னா? வீட்டுக்கா, தலைக்கா?

கணக்குப்பிள்ளை:
ஒரு நாடு கடைசிவரை செலவிலேயே இருந்தால் கரையும். நடுவில் வருமானத்துக்கு மாறினால்? அந்த நாட்டில் நிஜ இடைவெளி 12 என்று வையுங்கள். நீங்கள் கூட்டியது 6.6. மாறிய ஆண்டில் 5.4 புள்ளி பொய் ஏற்றம். கினி சாதாரணமாக ஐந்தாண்டில் ஓரிரு புள்ளி நகர்வதே பெரிது. அதுபோன்ற இரண்டு மூன்று தாவல் போதும், அந்த 1.3 என்ற குணகத்தையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

12 கற்பனை என்பீர்கள். 2004–05-இல் இந்திய மனித வளர்ச்சி ஆய்வு வருமானத்தைக் கேட்டது, கினி 50-ஐத் தாண்டியது. அதே ஆண்டு என்எஸ்எஸ் செலவுக் கினி 40-ஐத் தொடவில்லை. எங்கே ஐயா உங்கள் 6.6? பணக்காரன் வருமானத்தில் பெரும்பங்கைச் சேமிக்கிறான், ஏழை கடன் வாங்கிச் செலவழிக்கிறான். இரண்டும் செலவுக் கினியை அமுக்கும், அதுவும் நாட்டுக்கு நாடு வேறு வேறு அளவில்.

நடுப்பந்தி:
6.6-ஐ விடுங்களேன். பெரிய ஓட்டை வேறு. 2009-இல் டேவிட் ரூட்மன் இதே ஃபோர்ப்ஸ் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஃபோர்ப்ஸ் போட்ட அரெல்லானோ–பாண்ட் மதிப்பீட்டு முறையில் காலகட்டம் கூடக்கூடக் கருவி மாறிகள் (எது காரணம், எது விளைவு என்று பிரிக்க வைக்கும் பழைய ஆண்டு எண்கள்) குட்டி போடும். பெருகப்பெருக, அந்தக் கருவிகள் செல்லுமா என்று பார்க்கும் ஹான்சன் சோதனை செத்துப்போகும், பி-மதிப்பு 1.00, குறையே இல்லை என்பதுபோல வந்து பல்லிளிக்கும்.

கணக்குப்பிள்ளை:
அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே 6.6.

அரசம்பட்டியான்:
இவர் பிடித்த பிடியை விடமாட்டார். போன மாதம் டிஃப்ளேட்டர் (விலைவாசித் திருத்தம்) இழையில் பதில் சொல்லாமல் ஓடியவரும் இவர்தான். சரி, உங்கள் வைத்தியம் என்ன?

கணக்குப்பிள்ளை:
ஓடவில்லை, இழையைப் பூட்டினார்கள். வைத்தியம்: ஒவ்வொரு கினிக்கும் பக்கத்தில் மூன்று குறிப்பு. வருமானமா செலவா, வரிக்கு முன்னா பின்னா, வீட்டுக்கா தலைக்கா. முறை மாறிய இடத்தில் நாட்டை இரண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு ஃபிக்சட் எஃபெக்ட். பிறகு அந்த 1.3 நிற்கிறதா பாருங்கள்.

அரசம்பட்டியான்:
வெட்டுங்கள், வெட்டுங்கள். துண்டுக்கு இரண்டு காலகட்டம்தான் மிஞ்சும். வேறுபாடு எடுத்தால் ஒன்று போச்சு, பழைய ஆண்டு எண்ணைக் கருவியாக்க இன்னொன்று போச்சு. மிச்சம் என்ன, வெறும் தாளா? சகாராவுக்குத் தெற்கே ஒரு நாடுகூட இல்லாத தொகுப்பு அது. இருப்பதையும் வெட்டச் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சகாராவுக்குத் தெற்கே யாருமே இல்லாத தொகுப்பை வைத்துத்தானே "முடித்துவைத்தார்" என்றீர்கள்? நன்றி, நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

புதுவரவு77:
ஏன் இவ்வளவு சண்டை? 2025-இல் அரசுச் செய்திக்குறிப்பே வந்ததே, கினி 25.5, உலகிலேயே நான்காவது சமத்துவ நாடு இந்தியா என்று. சமத்துவமும் இருக்கு, வளர்ச்சியும் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டார்! 25.5 என்பது 2022–23 செலவுக் கணக்கு. பக்கத்தில் வைத்த பல நாடுகளின் எண் வருமானக் கணக்கு. உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் இந்திய வருமானத்துக்குச் சொல்வது 2023-இல் 62. 6.6 கூட்டிப் பாருங்கள், 32.1 வருகிறதா? மிச்ச 30 எங்கே போச்சு?

புதுவரவு77:
அது வெளிநாட்டுக்காரர்கள் போட்ட கணக்கு.

நடுப்பந்தி:
அந்த 62-இலும் வரி விவரத்தை வைத்து மேல்தட்டை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். வரி கட்டுபவர் எத்தனை பேர்? இதையும் அதையும் கழிக்கவே கூடாது. ரூட்மன் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அரசம்பட்டியான்:
பாருங்கள், ஃபோர்ப்ஸில் தொடங்கி டெல்லிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த 45-இல் நடுவில் முறை மாற்றிய நாடுகள் எவை? பெயர் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
6.6 கரைந்துபோகும் என்று சொன்னது நீங்கள். ஒரு நாடுகூட மாறவில்லை என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். தரவுத்தொகுப்பைத் திறந்து பாருங்கள். 1.3-ஐ மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வராதீர்கள்.

சில்லறைக்காசு:
வரிக்கு முன்னா, பின்னா என்று கேட்டேனே?

அரசம்பட்டியான்:
பெயர் சொல்லுங்கள் கணக்குப்பிள்ளை.