மகாவலித் தண்ணீர்க் கணக்கு ஜெர்மனிக்கு எதற்கு?

பீலிக்கரை (ஹட்டன்):
உலகத்து ஆறுகளில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற கணக்கை ஜெர்மனியின் கொப்லென்ஸ் நகரத்தில் ஒரு நிலையம் 1988 முதல் சேர்த்து வைக்கிறது. ஐ.நா. 1978இல் தொடங்கிய நீர்த்தரத் திட்டத்தின் தரவுத்தளமும் இப்போது அங்கேதான். நம் இலங்கையின் மகாவலி, களனி ஆறுகளின் கணக்கும் ஒழுங்காக அங்கே போக வேண்டும் என்பது என் கட்சி.

கொத்மலையான்:
எதற்கு அண்ணே? மேகொங் நதி ஆறு நாடுகளில் ஓடுகிறது. மேலே இருப்பவன் சொன்னால்தான் கீழே இருப்பவனுக்குத் தெரியும். மகாவலியோ 335 கிலோமீட்டரும் இந்தத் தீவுக்குள்தான். கணக்கை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதில் செய்த மென்பொருளைக் காசுக்கு வாங்கப் போகிறோமா?

பீலிக்கரை:
செய்மதி மழையை வைத்துப் போடும் வெள்ளக் கணிப்பு செங்குத்தான சின்ன ஓயாக்களில் (மலை ஓடைகளில்) பிசகும். நோர்வூட்டில் ஆற்று அளவுகோல் காட்டும் நீர்மட்டத்தோடு ஒப்பிட்டால்தான் திருத்தலாம். பிறகு களனியில் கீழே இருக்கும் கித்துல்கலைக்காரனுக்கும் பயன்.

கொத்மலையான்:
நோர்வூட்டுக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் கிடக்கிறதே, மறந்துவிட்டீர்களா? அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று முதலில் கித்துல்கலைக்குச் சொல்லட்டும். கொப்லென்ஸ் அப்புறம்.

பீலிக்கரை:
அது சரிதான். அதையும் சேர்த்தே கேட்போம்.

லயத்துப்பிள்ளை:
நீங்கள் பேசுவது ஆறு. எங்கள் லயத்துக்குக் குடிதண்ணீர் வரும் பீலி எந்தக் கணக்கிலும் இல்லை. மழை பெய்த மறுநாள் அதன் வாயில் பழைய சாரத் துணியைக் கட்டுவோம். காலையில் அவிழ்த்தால் மணல், தேயிலைச் சருகு, ஒரு அட்டை. மேலே மருந்தடிக்கிற மலை. அந்த மருந்து துணியில் நிற்குமா?

பீலிக்கரை:
தங்கச்சி, ஐ.நா. முறையில் அடிப்படையாகப் பார்ப்பது ஐந்துதான்: கரைந்த ஒட்சிசன், மின்கடத்துதிறன், பி.எச்., நைதரசன், பொசுபரசு. மருந்து அதில் வராது, உண்மை. ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே முறையில் அளந்தால், ‘உங்கள் மீட்டர் பிழை’ என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

லீக்ஸ்காரன் (நுவரெலியா):
கடைசி இரண்டும் என் உரமூட்டைதானே! ‘நுவரெலியாத் தண்ணீரில் உரம்’ என்று உலகம் முழுக்கத் தெரிந்தால் லீக்ஸை யார் வாங்குவான்? கடனை ஐ.நா.வா கட்டும்?

லயத்துப்பிள்ளை:
மறைத்தால் கீழே குடிக்கிறவர்கள் நாங்கள், அண்ணே. எங்கள் விஞ்ஞான டீச்சர் போத்தல் தருகிறாராம். சனிக்கிழமை உங்கள் வாய்க்காலில் எடுக்கலாமா?

லீக்ஸ்காரன்:
எடு. ஆனால் என் தோட்டத்துக்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல். மேல்வளவுக்காரன் உரத்தை என் கணக்கில் எழுதாதே.