ஊசியின் காதில் ஒட்டகம்: எருசலேமில் அப்படியொரு வாசல் இருந்ததா?

ஞாயிறுபள்ளி ஆசிரியை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு மத்தேயு 19ஆம் அதிகாரத்தை நடத்தி வருகிறேன். ஐசுவரியவான் பரலோகராஜ்யத்தில் பிரவேசிப்பதைக் காட்டிலும் ஒட்டகம் ஊசியின் காதிலே நுழைவது எளிது என்ற வசனம் வந்ததும், சிறுவயது முதல் பிரசங்கங்களில் கேட்டதை அப்படியே சொன்னேன். எருசலேம் மதிலில் 'ஊசியின் காது' என்றொரு சிறு வாசல் இருந்தது என்றும், இரவில் பெரிய வாசல்கள் அடைக்கப்பட்ட பின் வரும் ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டு அதன் வழியே நுழையும் என்றும் விளக்கினேன். அந்த வாசலைப் பற்றி வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டான். தேடினேன், எங்கும் அகப்படவில்லை. அது ஒட்டகமே அல்ல, கப்பல் வடம் என்று வேறொருவர் சொல்கிறார். அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால், அடுத்த வாரம் அவனுக்குச் சரியானதைச் சொல்வேன்.

கிரேக்கம் பயில்பவர்:
சகோதரி, அந்தச் சிறுவன் கேட்டது மிக நல்ல கேள்வி. அந்த வாசலுக்கு அகழாய்வுச் சான்றும் இல்லை, முதல் நூற்றாண்டு எழுத்துச் சான்றும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தோமா அக்குவினா சுவிசேஷங்களுக்கு முன்னோர் எழுதிய விளக்கங்களைத் திரட்டிய நூலில், முழங்காலிடும் ஒட்டகத்தின் கதை அன்செல்ம் என்ற விளக்கவுரையாளரின் பெயரால் இடம்பெற்றிருக்கிறது. ஆனால், கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, செல்வந்தர்கள் இந்த வசனத்தைக் கேட்டு நம்பிக்கை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே, மாற்கு சுவிசேஷத்தில் உள்ள இதே பகுதியை எடுத்துக்கொண்டு ஒரு தனி நூல் எழுதினார். அப்படியொரு வாசலை அவர் அறிந்திருந்தால், அவருடைய வாதத்துக்கு அதைவிடப் பெரிய துணை வேண்டியிருக்காது. அவரோ அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊசி என்பதற்கு மத்தேயுவும் மாற்கும் 'ராஃபிஸ்' என்ற சொல்லையும், லூக்கா 'பெலோனே' என்ற சொல்லையும் ஆள்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஊசிதான். ஊரறிந்த ஒரு வாசலின் பெயராக இருந்திருந்தால், அதை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்களா?

வடம் என்ற விளக்கத்துக்கு இதைவிடப் பழமை உண்டு. கிரேக்கத்தில் 'காமேலோஸ்' என்றால் ஒட்டகம், 'காமிலோஸ்' என்றால் கப்பல் வடம். நாளடைவில் நடுவிலிருந்த ஏகார ஒலி ஈகாரமாகத் திரிந்ததால், இரண்டும் காதுக்கு ஒன்றாகவே கேட்டன. 5ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரில் வடம் என்றே பொருள் கூறினார். பிந்தைய கையெழுத்துப் படிகள் சிலவற்றிலும் அந்த எழுத்துக்கூட்டல் காணப்படுகிறது. மிகப் பழைய படிகளில் இருப்பது ஒட்டகம்தான்.

எருசலேம் சென்றுவந்தவர்:
சான்றே இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லறைத் திருக்கோவிலுக்கு அருகில் உள்ள ருஷ்ய ஆலயத்தில், பழைய சுவரை ஒட்டி ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய குறுகிய திறப்பு இருக்கிறது. அதுவே ஊசியின் காது என்று எங்கள் வழிகாட்டி காட்டினார்.

கிரேக்கம் பயில்பவர்:
ஐயா, நீங்கள் கண்ட திறப்பு உண்மையானதே. ஆனால் அந்த ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தோண்டியெடுக்கப்பட்ட பழஞ்சுவர்களின்மேல் எழுந்தது. வசனத்தை அறிந்தவர்கள் அந்தத் திறப்புக்கு இட்ட பெயர் அது. அந்தத் திறப்பிலிருந்து வசனம் பிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள, அது பிறந்த மண்ணின் பேச்சுவழக்கைப் பார்க்க வேண்டும். யூதர்களின் மரபு நூலான பாபிலோனியத் தல்மூதில், ஊசியின் காதில் யானை நுழைவதை மனிதன் கனவிலும் காண்பதில்லை என்ற கருத்து வருகிறது. பாபிலோனியாவில் யூதக் கல்விக்கூடம் இருந்த பும்பெதிதா ஊராரின் அளவுக்கு மீறிய வாதத்திறனைச் சுட்டவும் அதே யானையும் ஊசியும் வருகின்றன. யானையைக் கண்டிராத பாலஸ்தீன மக்கள் அன்றாடம் கண்ட மிகப் பெரிய விலங்கு ஒட்டகம். குர்ஆனின் 7ஆம் அத்தியாயத்திலும் ஊசியின் காதில் நுழைவது ஒட்டகமே. கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறீர்கள் என்று இயேசு வேறோர் இடத்தில் பரிசேயரைக் கடிந்துகொண்டதை நாம் அறிவோம். அந்த ஒட்டகத்தை யாரும் கயிறாக்கவில்லையே. திருக்குறளைக் கடுகைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டியதாகச் சொன்னால், கடுகில் துளையின் அகலம் எவ்வளவு என்று நாம் அளக்கப் போவதில்லை. உயர்வு நவிற்சியை உயர்வு நவிற்சியாகவே விட்டுவிட வேண்டும்.

வாசல் கதையில் எனக்குள்ள பெரும் வருத்தம், அது அடுத்த இரண்டு வசனங்களைப் பொருளற்றவை ஆக்கிவிடுகிறது என்பதே. முழங்காலிட்டால் நுழைந்துவிடலாம் என்றால், சீஷர்கள் மிகவும் ஆச்சரியப்பட்டு, அப்படியானால் யார்தான் ரட்சிக்கப்படக்கூடும் என்று ஏன் கேட்க வேண்டும்? மனுஷரால் கூடாதது தேவனால் கூடும் என்ற மறுமொழி, கூடாத ஒன்றைச் சொன்ன பிறகுதானே வர முடியும்?

ஞாயிறுபள்ளி ஆசிரியை:
எல்லாருக்கும் என் நன்றி. கடந்த வாரம் நான் சொன்னது தவறு என்று பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிடுகிறேன். 24ஆம் வசனத்தோடு பாடத்தை நிறுத்தியதும் என் பிழையே. இம்முறை 26ஆம் வசனம் வரை சேர்த்தே நடத்துவேன்.