பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரி 26 கிராமசபையும்: எங்க ஊர் ஏரிக்கு என்ன கேக்கலாம்?

மதகடி

வணக்கம். வயசு 20. ஊர் செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு ஏரிக்கரை கிராமம், படிப்பு சென்னையில. சனி ஞாயிறு ஊர்ல இருப்பேன், அப்போ பறவை பாக்கறதுதான் பொழுதுபோக்கு. நீர்க்காகம், நாமக்கோழி, தாழைக்கோழி, நத்தைகுத்தி நாரை, ஆள்காட்டி எல்லாம் சுலபமா தெரியும். வெள்ளைக் கொக்கு வகைகள்லதான் தடுமாற்றம்.

வர்ற மாசங்களுக்கு மூணு திட்டம். 8,000 ரூபாய்க்குள்ள ஒரு பைனாகுலர் வாங்கணும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்புல எங்க ஏரியைச் சேக்கணும். அப்புறம் ஜனவரி 26 கிராமசபையில ஏரிக்கரைக் குப்பையைப் பத்திப் பேசணும். மதகுல இருந்து கலங்கல் (மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம்) வரைக்கும் பிளாஸ்டிக்கும் கோழிக்கடைக் கழிவும் கொட்டி எரிக்கிறாங்க. என் கருத்து, ஏரியை முழுசா தூர்வாரி, செடி கொடி எல்லாம் எடுத்துட்டு, சுத்தி நடைபாதை, விளக்கு, பெஞ்சு போட்டா யாரும் குப்பை கொட்ட மாட்டாங்க. தீர்மானம் அப்படியே கேக்கலாமா? எங்க தப்பு நடக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எட்டுக்கு நாற்பத்திரண்டு

பைனாகுலருக்கு மட்டும் பதில் சொல்றேன். 8×42 அல்லது 8×40 தேடுங்க. முதல் எண் எத்தனை மடங்கு பெரிசாக்கும்கிறது, ரெண்டாவது முன் கண்ணாடியோட விட்டம் மில்லிமீட்டர்ல. ரெண்டாவதை முதலால வகுத்தா கண்ணுக்கு வர்ற ஒளிவட்டத்தோட அகலம் கிடைக்கும்: 42-ஐ 8-ஆல் வகுத்தா 5.25 மி.மீ. காலை ஆறு மணி வெளிச்சத்துக்கு இது தாராளம். அதே கணக்குல 10×25 வெறும் 2.5 மி.மீ., விடியக்காலையில இருட்டாத்தான் தெரியும். 10 மடங்கு வாங்கினா கை நடுக்கமும் சேர்ந்து பெரிசாகும், ஏரிக்கரைக் காத்துல படம் நிக்காது.

இந்த விலைக்கு நேர்க்குழல் மாடலை விட, தோள் அகலமா இருக்கற பழைய பாணி போரோ வகைதான் நல்ல படம் தரும். கனம் முக்கால் கிலோ கிட்ட வரும், அகல வார் போட்டுக்கிட்டா சரி. ஜூம் பைனாகுலர், சிவப்பா மின்னற கண்ணாடி, "60×60" மாதிரி எண் அச்சடிச்ச பெட்டி, இந்த மூணையும் தொடாதீங்க. அந்த எண்கள் எல்லாம் கதை.

கடையிலயே பாக்க வேண்டியது: கையை நீட்டிப் பிடிச்சு வெளிச்சத்தைப் பாருங்க. பின் கண்ணாடியில தெரியற ஒளிவட்டம் முழு வட்டமா இருந்தா உள்ளே ஒளியைத் திருப்பற பட்டகம் நல்ல பாக்-4 கண்ணாடி, ஓரம் வெட்டின மாதிரி சதுரமா தெரிஞ்சா மலிவு பிகே-7. அடுத்து தூரத்துல ஒரு மின்கம்பியைப் பாத்துக்கிட்டே மெதுவா கண்ணை விட்டு விலக்குங்க. கம்பி ரெண்டு பக்கமும் வேற வேற உயரத்துல நின்னா குழல்கள் நேர்கோட்டுல இல்ல. அதை வாங்கினா அரை மணி நேரத்துல தலைவலி நிச்சயம்.

வாங்கினதும் வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால இடது பக்கத்தைத் தெளிவாக்குங்க. பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாம வலது குழல்ல இருக்கற வளையத்தை மட்டும் திருப்புங்க. வளையம் நின்ன இடத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க, அதுக்கப்புறம் நடுச் சக்கரம் மட்டும் போதும். பலர் இதைச் செய்யாம "படம் மங்கல்"னு திருப்பிக் குடுத்துடறாங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துல உள்ளே பூசணம் வரும், அதனால மூடி இறுகற டப்பாவுல சிலிக்கா ஜெல் பையோட வைங்க.

வக்கா

பொங்கல் கணக்கெடுப்பு 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது, பொங்கலை ஒட்டிய 4 நாள். பதிவெல்லாம் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில். குறைந்தது 15 நிமிடம் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் போடலாம்.

புதியவர்கள் தவறுகிற இடம் ஒன்று. கடைசியில் "பார்த்த பறவைகள் எல்லாவற்றையும் பதிந்தீர்களா" என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். கூழைக்கடாவையும் நாரையையும் மட்டும் போட்டுவிட்டு காகம், மைனா, கரிச்சானை விட்டிருந்தால் "ஆம்" போடக்கூடாது. முழுப் பட்டியலுக்குத்தான் ஆராய்ச்சி மதிப்பு. எண்ணாமல் விட்டு, "இருந்தது" என்று மட்டும் காட்டும் எக்ஸ் போடுவதைவிட, தோராயமானாலும் ஓர் எண் போடுங்கள். கரையோடு நடந்துபோய் அதே வழியில் திரும்பினால் போகும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். திரும்பும்போது கண்ணில் படும் அதே கூட்டத்தை மறுபடி எண்ணக்கூடாது.

உங்கள் மாவட்டத்தில் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவைகளின் நிறம் அப்படியே தெரியும். மாலையில் அதே இடத்தில் எல்லாம் கரிய நிழல்தான். கரையோரம் ஆழம், அங்கே நீர்க்காகம், கூழைக்கடா, முக்குளிப்பான். வரத்துக் கால்வாய் வந்து சேரும் மேற்குப் பக்கம் ஆழமில்லாத இடம், உள்ளான்களும் நாரைகளும் அங்கே. இரண்டையும் இரண்டு தனிப் பட்டியலாகப் போடுங்கள், பிற்பாடு கிராமசபைக்கு அது பயன்படும்.

வாத்துக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் பாதியில் பறந்துவிடும். முதலில் 10 பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே அளவுக் கட்டங்களாகக் கூட்டத்தை அளந்து போக வேண்டும். 200-க்கு மேல் போனால் 50 பறவைக் கட்டம்.

கொக்குக் குழப்பத்துக்கு: அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகோடு குட்டையாக, மாட்டின் பின்னால் போவது உண்ணிக்கொக்கு. நடுத்தரக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் உயரத்தை நம்பாதீர்கள். அலகிலிருந்து கண் பக்கம் போகும் வாய்ப்பிளவுக் கோட்டைப் பாருங்கள். கண்ணுக்கு நேர்கீழே முடிந்தால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது. இனப்பெருக்கக் காலத்தில் அலகு நிறம் மாறும், இந்தக் கோடு மாறாது. தொலைவில் நின்று தெரியவில்லை என்றால் இனம் குறிப்பிடாத "வெள்ளைக் கொக்கு" என்ற தேர்வைப் போடுங்கள். ஊகித்துப் பதிவதைவிட அது மேல்.

அ-பதிவேடு

தம்பி, கிராமசபை பற்றி. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

முதல் வேலை உங்கள் பெயர் எந்த வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்று பார்ப்பது. அந்த ஊராட்சியின் பட்டியலில் இருப்பவர்தான் கிராமசபை உறுப்பினர். இதுவரை சேர்க்கவே இல்லை என்றால் படிவம் 6. சென்னை முகவரியில் சேர்த்திருந்தால் ஊருக்கு மாற்ற படிவம் 8. இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக்கூடாது. விண்ணப்பித்த மறுநாளே பெயர் வராது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் சரிபார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு வாக்காளர் உதவி எண் 1950. கூட்டத்தில் யாரும் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பதில்லைதான். ஆனால் உங்கள் பேச்சு யாருக்காவது உறுத்தினால் "நீ இந்த ஊர் ஓட்டரா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

இரண்டாவது, ஏரி யாருடையது என்று காகிதத்தில் தெரிந்துகொள்ளுங்கள். பாசனப் பரப்பு 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை ஏரி. அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றிய ஏரி. ஊர்க் குளம், ஊருணி எல்லாம் ஊராட்சி. இது தெரியாமல் பேசினால் "அது எங்க கண்ட்ரோல்ல இல்லப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சர்வே எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், அல்லது வருவாய்த் துறை இணையதளத்தில் அ-பதிவேட்டில் (கிராம நில விவரப் பதிவேடு) பாருங்கள். கரையும் நீர்ப்பரப்பும் சில இடங்களில் வேறு வேறு எண்ணில் இருக்கும்.

அதே சமயம், ஏரி எந்தத் துறையுடையதாக இருந்தாலும் குப்பை ஊராட்சியின் பொறுப்பு. உங்கள் தீர்மானம் நிற்க வேண்டிய இடம் அதுதான். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"சர்வே எண் … ஏரிக்கரையில் மதகு முதல் கலங்கல் வரை குப்பை கொட்டுவதும் எரிப்பதும் தடை செய்யப்படுகிறது. அங்கே தேங்கிய மட்காத குப்பையை … தேதிக்குள் அகற்றி, பிரிக்கும் கொட்டகைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இறைச்சிக் கடைக் கழிவைக் கடைக்காரர் தனியாகச் சேர்த்து, ஊராட்சி குறிக்கும் இடத்தில் குழியில் புதைக்க வேண்டும். நிறைவேறிய விவரத்தை மார்ச் 22 கிராமசபையில் வைக்க வேண்டும்."

இடம், தேதி, பொறுப்பாளர் மூன்றும் இல்லாத தீர்மானம் வெறும் வாழ்த்துச் செய்தி. மார்ச் 22-ஐச் சொன்னது இதற்குத்தான். "ஏரியைப் பாதுகாக்க வேண்டும்" என்று எழுதினால் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், எதுவும் நடக்காது. மாற்று இடம் சொல்லாமல் நிறுத்தச் சொன்னாலோ, அதே குப்பை வரத்துக் கால்வாய்க்குப் போய்ச் சேரும். அது இன்னும் மோசம், அடுத்த மழையில் மொத்தமும் ஏரிக்குள் வந்துவிடும்.

கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்பு வரும். உங்கள் மனு அதற்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் இருக்க வேண்டும், நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். பொங்கல் எண்ணிக்கை முடிந்தபிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் நாள் இடிக்கும். டிசம்பர் வார இறுதிப் பட்டியல்களை வைத்து ஜனவரி 10-க்குள் மனு கொடுங்கள், பொங்கல் எண்ணிக்கையைக் கூட்டத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். குறைவெண் வரம்பும் உண்டு, அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர். ஆள் சேராவிட்டால் யாராவது அதையே காரணம் காட்டிக் கூட்டத்தைக் கலைக்கலாம். கடைசியாக, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.

மதகடி

ரொம்ப நன்றி. பேர் ஊர்லதான் இருக்கு, பாத்துட்டேன். தூர்வாரறது, நடைபாதை பத்தி யாரும் எதுவும் சொல்லலையே?

வக்கா

வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தேன், தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நீங்கள் கேட்பது கிடைத்தால் குப்பை போகும், பறவையும் போகும்.

தூர்வாருவது என்றால் பொக்லைன் இறங்கும். அது ஏரியைக் கிண்ணம் மாதிரி ஒரே ஆழமாக வெட்டிவிடும். உள்ளான் நிற்க விரல்கடை அளவுத் தண்ணீர் வேண்டும். தலையை முக்கி மேயும் நீலச்சிறகிக்கும் ஊசிவால் வாத்துக்கும் முழங்கால் அளவு. சரிவு இருந்தால்தான் தண்ணீர் வற்ற வற்ற அந்த ஆழம் மாதாமாதம் உள்ளே நகர்ந்துகொண்டே போகும். கரையோரக் கோரையும் சம்பும் போனால் தாழைக்கோழிக்கும் நீலத்தாழைக்கோழிக்கும் கூடு கட்ட இடமில்லை. நீருக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில்தான் வக்காவும் நீர்க்காகமும் கூடு வைக்கும். "கருவேலத்தை அகற்று" என்று பொதுவாக எழுதினால் சீமைக் கருவேலத்தோடு அதுவும் போய்விடும். விளக்கு போட்டால் இரவில் அடையும் கூட்டம் இடம் மாறும்.

வண்டல் உண்மையிலேயே மதகை அடைத்திருந்தால், மதகுக்கு முன்னால் மட்டும், கோடையில், இத்தனை மீட்டர் என்று அளவு சொல்லிக் கேளுங்கள். மேற்குச் சரிவைத் தொடக்கூடாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

ஆயக்கட்டு

வக்கா சொல்வதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். ஏரி முதலில் பாசனத்துக்கு. கலங்கல் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்காவிட்டால், கால்வாயின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர் நடவே வைக்க முடியாது. பறவைக்காகத் தூர்வார வேண்டாம் என்று கிராமசபையில் பேசினால் அரைமணி நேரம் திட்டு வாங்கிவிட்டுத்தான் உட்காருவீர்கள், குப்பைத் தீர்மானமும் அதோடு போகும்.

தம்பி விவசாயிகளிடம் வேறு மாதிரிப் பேச வேண்டும். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். உங்கள் மாவட்டத்திலேயே வேடந்தாங்கல்காரர்கள் அந்த லாபத்துக்காகத்தான் பறவைகளைக் காத்தார்கள். 1798 வாக்கில் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் அந்த உரிமைக்கு எழுத்து மூலம் ஒப்புதல் தந்தார், 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. இதைச் சொன்னால் காது கொடுப்பார்கள். எரித்த பிளாஸ்டிக் மதகு வழியாக வயலுக்குள் வந்து சேருவதை அவர்களே கண்ணால் பார்க்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் கடைமடை நிலம் வைத்திருக்கும் நாலு பேரைப் பார்த்து, அவர்களில் ஒருவரையே முன்மொழியச் சொல்லுங்கள். நீங்கள் வழிமொழியுங்கள். தூர்வாரும் பேச்சை இந்த முறை எடுக்கவே வேண்டாம், ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை.

வக்கா

அந்த உத்தி சரி, ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கையைக் காட்டும்போது ஒரு எச்சரிக்கை. பொங்கலுக்கு ஏரி ததும்பி நிற்கும், உள்ளானும் நாரையும் குறைவாகத்தான் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் இறங்கும்போதுதான் ஏறும். அதனால் ஒரு நாள் எண்ணிக்கையைக் காட்டி "குப்பையால் பறவை குறைந்துவிட்டது" என்று சொல்லாதீர்கள், யாராவது மார்ச்சில் போய்ப் பார்த்துவிட்டு உங்களைப் பொய்யனாக்குவார்கள். இத்தனை வகை இருக்கிறது, இத்தனை எண்ணிக்கை, இந்த இடத்தில் என்று மட்டும் சொன்னால் போதும்.

அ-பதிவேடு

தீர்மான நகலைக் கூட்டம் முடிந்த வாரமே கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் குப்பை அள்ளவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. "26.01 கிராமசபைத் தீர்மானப் பக்கங்களின் நகல், அதன்மீது எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். ஜனவரி கடைசியில் அனுப்பினால் மார்ச் 22-க்கு முன்னால் பதில் கையில் இருக்கும்.

மதகடி

கடைமடைக்காரர் ரெண்டு பேர்கிட்ட பேசி, வழிமொழிய மட்டும் இல்ல, முன்மொழியவே சம்மதிப்பாங்களான்னு பாக்கறேன். கோழிக்கழிவைப் புதைக்கற குழி எவ்வளவு ஆழம் கேக்கணும்?

ஆயக்கட்டு

நாய் தோண்டாத அளவுக்கு மூடு மண் முக்கியம். ஆளுயரக் குழி, ஒவ்வொரு முறை கொட்டியதும் கொஞ்சம் சுண்ணாம்பு, மேலே ஒரு முழம் மண். ஏரி நீர்ப்பரப்புக்கும் கிணற்றுக்கும் தள்ளி மேட்டு நிலத்தில் இருக்கட்டும், பள்ளத்தில் வெட்டினால் ஐப்பசி மழையில் குழியே ஊறி மேலே வந்துவிடும்.