மாதிரிக் கப்பல் கட்டத் தொடங்க என்ன சாமான் வாங்குவது? ட்ரில் பிட் முறிந்துகொண்டே இருக்கிறது

வெள்ளவத்தை வாசி
வணக்கம். அத்தான் ஒரு மரக் கப்பல் கிட் வாங்கித் தந்தார். ஒற்றைப் பாய்மரம் உள்ள சின்ன மீன்பிடிப் படகு, 1:48 அளவு, ஏராவில் (அடிக்கட்டையில்) வங்குகளை, அதாவது விலா எலும்பு மாதிரிக் குறுக்குச் சட்டங்களைப் பொருத்திவிட்டு மேலே இரண்டு அடுக்குப் பலகை ஒட்டும் வகை. கீழடுக்கு 1.5 மி.மீ. வெளிர் மரம், மேலடுக்கு அரை மில்லி வால்நட். மரம், நூல், பித்தளை ஆணி எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது, வேலைக்கான கருவி மட்டும் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தால் ஆளாளுக்கு நாற்பது சாமானுக்குப் பட்டியல் போடுகிறார்கள், அவ்வளவும் வாங்குகிற காசுக்கு இன்னும் இரண்டு கிட் வாங்கலாம் போல.

இப்போதைய பிரச்சினை இது. ஆணிக்குத் துளை போட 0.7 மி.மீ. பிட் வாங்கி, வீட்டில் சுவர் துளைக்கும் ட்ரில்லில் மாட்டினேன். அதன் சக், அதாவது பிட்டைக் கவ்வுகிற வாய், பிடிக்கவே இல்லை. கடதாசி சுற்றி இறுக்கினால் பிடிக்கிறது, ஆனால் மரத்தில் வைத்த உடனே டக்கென்று முறிகிறது. துளை போடாமல் ஆணியை அடித்தால் பலகை பிளக்கிறது.

கையில் 15,000 ரூபா இருக்கிறது. மூன்றாம் மாடி பிளாட், இரவில்தான் நேரம் கிடைக்கும், அதனால் சத்தம் போட முடியாது. மாமா அடுத்த மாதம் டொராண்டோவிலிருந்து வருகிறார், டிரெமல் (வேகமாகச் சுழலும் சின்னக் கை மெஷின், ரோட்டரி டூல்) கொண்டுவரவா என்று கேட்கிறார். கொண்டுவரச் சொல்லவா?

என்றைக்காவது வல்வெட்டித்துறையின் பழைய பாய்க்கப்பல் அன்னபூரணியைக் கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை, அதற்கும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள்.

மரத்தூள்
தம்பி, பிட்டில் குறையில்லை, அதைப் பிடிக்கிற மெஷின்தான் பிழை. சுவர் ட்ரில்லின் சக் ஒன்று, ஒன்றரை மில்லிக்குக் கீழே ஒழுங்காகப் பிடிக்காது. கடதாசி சுற்றினால் பிட் நடுவில் நிற்காமல் ஆடும். அதோடு மெஷினின் பாரம் முழுக்க ஒரு தையல் ஊசி மொத்தமுள்ள பிட்டின் மேல் வந்தால் முறியாமல் என்ன செய்யும்? உங்களுக்குத் தேவை பின் வைஸ். பேனா அளவு உலோகப் பிடி, ஒரு நுனியில் சின்ன சக், மறு நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் சுழல் குமிழ். குமிழை உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டினால் போதும். ஒன்றரை மில்லி மரத்தில் சில விநாடி வேலை, சத்தமும் இல்லை.

பட்டியலைப் பற்றி என் அபிப்பிராயம்: கப்பலைப் படிப்படியாகத்தானே கட்டுகிறோம், சாமானையும் அப்படியே வாங்கலாம். நீங்கள் இப்போது வங்கும் பலகையும் ஒட்டுகிற கட்டத்தில் இருக்கிறீர்கள். கயிறு கட்டுகிற சாமணமும் கொக்கியும் தேன்மெழுகும் பல மாதம் கழித்துத்தான் கையில் எடுப்பீர்கள், இன்றைக்கு வாங்கினால் மேசையில் கிடந்து தூசிதான் பிடிக்கும். இப்போது வேண்டியது வெட்ட, உரச, துளைக்க, இறுக்கிப் பிடிக்க. இந்த நாலுக்கும் நல்லதாக ஒவ்வொன்று வாங்குங்கள், மிச்சக் காசு பொக்கெட்டில் இருக்கட்டும்.

வெட்டுவதற்கு ஸ்டேஷனரிக் கடைக் கட்டர் வேண்டாம், அதன் பிளேடு வளைந்து கோடு ஓடிவிடும். மருத்துவ உபகரணம் விற்கிற கடையில் 3ஆம் நம்பர் கைப்பிடியும் 11ஆம் நம்பர் பிளேடும் கேளுங்கள், கூர் நுனியுள்ள பிளேடு, பெட்டியாக வாங்கலாம். 4ஆம் நம்பர் கைப்பிடியைத் தந்தால் வாங்காதீர்கள், 11 அதில் பொருந்தாது. பிளேடு மொட்டையானால் உடனே மாற்றுங்கள், மொட்டைப் பிளேடை அழுத்தும்போதுதான் விரலும் போகும் மரமும் போகும்.

செட்டியார்தெரு ஆள்
பின் வைஸுக்காக மாமாவைக் காக்க வைக்கத் தேவையில்லை. பத்தர்மார் வேலைக்கும் இதேதான். செட்டியார் தெருவிலும் அதை ஒட்டிய ஒழுங்கைகளிலும் நகைவேலைச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஊசி அரம், நுனி மெல்லிய சாமணம், கண்ணில் மாட்டும் பெருக்குக் கண்ணாடி, பித்தளை அறுக்கும் மயிர் வாள் எல்லாம் அந்தப் பக்கம்தான். “மாதிரிக் கப்பலுக்கு” என்று சொன்னால் விழிப்பார்கள், “நகை வேலைக்கு” என்று கேளுங்கள். வாங்கும்போது சக்கை முழுதாக மூடிப் பாருங்கள், உள்ளே வெளிச்சம் தெரிந்தால் 0.5 பிட் நிற்காது. உங்கள் பிட் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

உரசும் கடதாசி, இரும்பு அடிமட்டம், சின்னக் கிளாம்ப் எல்லாம் பழைய சோனகத் தெருவில் எடுக்கலாம். கடதாசியில் 120, 180, 240, 320 நம்பர் என்று இரண்டிரண்டு தாள்.

தெஹிவளை டெக்
எல்லாரும் கையால் செய் கையால் செய் என்கிறீர்கள், இது 1930 இல்லை. ஒரு ரோட்டரி டூல் இருந்தால் துளை, உரசல், வெட்டு எல்லாம் ஒன்றிலேயே முடியும். மாமா கொண்டுவருகிறார் என்றால் வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

மரத்தூள்
சொல்ல இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அங்கே விற்கிற வயர் வைத்த மெஷினை பிளக்கை மட்டும் மாற்றி இங்கே சொருகினால் கொஞ்ச நேரத்தில் புகைதான். ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தால் ஓடும், ஆனால் அது இன்னொரு செலவு, இன்னொரு பாரம். பேட்டரி மாடல் என்றால் சார்ஜரில் 100–240 என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்கச் சொல்லுங்கள். லண்டன் மாமா என்றால் இந்தத் தலையிடி இல்லை, அங்கேயும் 230தான், எங்கள் புது வீடுகளில் இருக்கிற மூன்று சதுரப் பின் சொக்கட்டுக்கு அவர்களுடைய பிளக் அப்படியே போகும்.

இரண்டாவதுதான் முக்கியம். இந்த மெஷின்கள் மிகக் குறைந்த வேகத்திலேயே நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் போகும். வங்கின் ஓரத்தில் அரை மில்லி எடுக்கப் போனால் இரண்டு மில்லி போயிருக்கும், போன மரம் திரும்பி வராது. பின்னால் பித்தளை வேலைக்கு, பாய்மரத்தைச் சீவுவதற்கு நல்ல மெஷின்தான். முதல் படகின் உடலுக்கு வேண்டாம்.

தெஹிவளை டெக்
வோல்டேஜ் சரி, அதை மறந்துவிட்டேன் 😄 வேகத்தைப் பற்றி உடன்பாடில்லை, கைப்பழக்கம் வந்தால் பிரச்சினை இல்லை.

மரத்தூள்
வந்த பிறகு வாங்கட்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்.

வெள்ளவத்தை வாசி
பின் வைஸ் வாங்கிவிட்டேன், இதுவரை ஒரு பிட்டும் முறியவில்லை, நன்றி! அடுத்த பிரச்சினை: பலகையை அணியத்தில் (படகின் முன்பக்கம்) வளைக்கும்போது வெடிக்கிறது. ஒட்டிய இரண்டும் முன் வங்கில் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அடியில் இடைவெளி தெரிகிறது. வளைக்கிற மெஷின் ஒன்று விற்கிறார்களே, அது வாங்கவா?

மரத்தூள்
இடைவெளி வந்தது வங்கைச் சரிக்காததால். வங்குகள் வெட்டி வரும்போது ஓரம் நேராக இருக்கும், ஆனால் படகு முன்பக்கம் ஒடுங்குகிறது, அதனால் அணியத்துப் பக்க வங்குகளின் ஓரத்தைச் சாய்வாக உரச வேண்டும். 120 கடதாசியை ஒரு தட்டையான மரக்குச்சியில் ஒட்டுங்கள், அது குறைந்தது மூன்று வங்கை ஒரே நேரத்தில் தொடுகிற நீளம் இருக்கட்டும். வங்கு ஓரம் முழுக்கப் பென்சிலால் கறுப்பாக்கிவிட்டு உரசுங்கள். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே இன்னும் கடதாசி படவில்லை. பிறகு ஒரு பலகையை ஒட்டாமல் வைத்து விரலால் அமத்திப் பாருங்கள், ஒவ்வொரு வங்கின் முழு மொத்தத்திலும் உட்கார வேண்டும். கிட்டிலேயே அலுப்பான வேலை இதுதான், ஆனால் இதை விட்டால் மேலே போடுகிற எல்லாம் அலையாக வரும்.

வெடிப்பதற்கு மெஷின் தேவையில்லை. பலகையை இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, சூடான ஒன்றின் மேல் மெதுவாக இழுத்து வளையுங்கள். முடி சுருட்டும் சாதனம் வீட்டில் இருந்தால் அருமையான கருவி, அக்காவிடம் கேட்டு எடுங்கள். வளைத்ததைப் படகிலேயே கிளிப் போட்டுக் காயவிட்டு, காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது பலகை ஒடுங்கி இடையில் பிளவு வரும். அணியத்துப் பக்கம் பலகையின் அகலத்தையும் குறைக்க வேண்டிவரும், ஆனால் பாதிக்குக் கீழே போகாதீர்கள்.

கிளிப்புக்குக் காசு கொட்டாதீர்கள். உடுப்புக் காயப்போடும் மரக் கிளிப், ஸ்டேஷனரிக் கறுப்புக் கிளிப், ரப்பர் பேண்ட் போதும்.

கொட்டாஞ்சேனை
பசையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. பைண்டர் கம், அந்த வெள்ளைப் பசைதான் பிரதானம். கொழும்பு ஈரக்காற்றில், அதுவும் மழை நாளில், அது காய நேரம் எடுக்கும், ஒரு இரவு விடுங்கள். சூப்பர் குளூ நேர் எதிர், ஈரத்தில்தான் அது இறுகுவது, எங்கள் ஊரில் கையை எடுக்கு முன் பிடித்துவிடும். அதன் ஆவி பட்டு மரத்தில் வெள்ளைப் படலமும் வரும், ஈரக்காற்றில் இன்னும் அதிகம். மேலடுக்கு வால்நட்டில் வந்தால் அசிங்கமாகத் தெரியும், ஆகவே அதை உள்பக்கம், மறைவிடம், அவசரத்துக்கு மட்டும். உரசும்போது மாஸ்க் போடுங்கள், வால்நட் தூசி மூக்கை வாட்டும்.

அன்னபூரணி கதைக்கு: வல்வெட்டித்துறையில் கட்டி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போன இரட்டைப் பாய்மரம், முன் மரத்தில் குறுக்குப் பாய் வேறு. படத்தைப் பார்த்து நீங்களே வரைந்து வங்கு வெட்ட வேண்டியிருக்கும். மயிர் வாளும் சின்னச் சீவுளியும் அப்போது வாங்கினால் போதும். இந்தப் படகின் கயிறு வேலையை முடித்துவிட்டு வாருங்கள், வரைபடத்துக்கு நானும் சேர்கிறேன்.

வெள்ளவத்தை வாசி
அக்காவின் சாதனம் கைப்பற்றியாயிற்று, அணியப் பலகை வெடிக்காமல் வளைந்தது. மாமாவுக்கு டிரெமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு நல்ல சாமணம் ஒன்று, 11ஆம் நம்பர் பிளேடு ஒரு பெட்டி, 0.5 முதல் 1 மில்லி வரை பிட் செட். சரிதானே?

செட்டியார்தெரு ஆள்
சரி. பிளேடைக் கைப்பையில் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், ஏர்போர்ட்டில் எடுத்துவிடுவார்கள், செக்-இன் பெட்டிக்குள் போகட்டும்.