மறு: உறைந்த ஏரி எச்சரிக்கைத் தாள்: மிச்சமிருக்கும் சொற்கள்

காட்பாடியிலிருந்து:

குழு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் மினசோட்டா, கனடாவில் மனிடோபா, ஒன்டாரியோ பக்கம் படிக்கவும் வேலைக்கும் போகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கான எச்சரிக்கைத் தாளில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அங்கே குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன்மேல் நடந்துபோய், துளை போட்டுத் தூண்டில் இறக்குவது பெரிய பொழுதுபோக்கு. கூட வேலை செய்கிறவர் விடுமுறை நாளில் கூப்பிட்டால் நம் பையனும் கிளம்பிவிடுவான். உள்ளே விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தப் பக்கம். என் வரைவில் உள்ள சொற்கள்: பனிமீன்பிடிப்பு, பனிக்கட்டி உடைந்து வீழ்தல், தடிமன் சோதனைக்கோல், பனிக்கட்டி ஊசி, வெண்பனி. ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது. அதற்குள் திருத்தம் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

தம்பி, வரைவு படித்தேன். செய்தி சரியாக இருக்கிறது. சொற்கள்தான் அலுவலக ஆணை மாதிரி இருக்கின்றன.

> பனிமீன்பிடிப்பு

இது வேண்டாம். நம் பக்கத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்மேல் நிற்பது, தலைக்குத் துண்டு கட்ட வைப்பது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்கிறோமே, அந்தப் பனி. அதன்மேல் யாரும் ஏறி நிற்பதில்லை. அங்கேயோ வானத்திலிருந்து கொட்டுவது ஒன்று, ஏரிமேல் இறுகிக் கிடப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், 'நிறைய பனி பெய்திருக்கிறது, ஏரி நன்றாக உறைந்திருக்கும்' என்று பையன் கணக்குப் போடுவான். நடப்பது நேர்மாறு. மேலே விழுந்து கிடக்கும் பனி காற்றின் குளிர் கீழே இறங்காமல் தடுக்கும், அதனால் அடியில் உறைவது தாமதமாகும். ஆகவே பெய்வது பனி, உறைந்து கிடப்பது கட்டி. தாள் முழுக்க இந்தப் பிரிவு நிற்க வேண்டும்.

விளையாட்டுக்குப் பெயர் என்னவானாலும் எனக்குச் சண்டையில்லை. 'உறையேரித் தூண்டில்' என்று வைக்கலாம். முதல் வரியில் 'ஐஸ் ஃபிஷிங்' என்றும் எழுதிவிடுங்கள், அங்கே அவன் காதில் விழப்போவது அதுதான். ஆபத்தைச் சொல்கிற சொற்களில்தான் நாம் மெனக்கெட வேண்டும்.

> பனிக்கட்டி உடைந்து வீழ்தல்

வீழ்தல் என்றால் பல்லவ சாம்ராஜ்யம் ஞாபகத்துக்கு வருகிறது. கூரை பொத்துக்கொண்டது, வானம் பொத்துக்கொண்டது என்று தினமும் பேசுகிறோம். 'பொத்துவிழல்' என்று எழுதுங்கள். காவேரிப்பாக்கம் ஏரியாகட்டும் நம்மூர்ச் சின்ன ஏரியாகட்டும், கோடையில் வற்றும்போது மேலே பொருக்குத் தட்டி, காய்ந்த தரை மாதிரியே இருக்கும். மாடு நடுவில் போனதும் பொதுக்கென்று வயிறுவரை இறங்கிவிடும். இழுக்கப் போகிறவன் நின்றபடி போகமாட்டான். பலகையைப் போட்டுப் படுத்துக்கொண்டு கயிறு வீசுவான். உறைந்த ஏரியிலும் விழுவதும் மீட்பதும் அப்படித்தான் என்பதால் நம் பிள்ளைகளுக்குச் சொல் உடனே பிடிபடும்.

இன்னொன்று. தூண்டிலுக்காகத் துரப்பணத்தால் போடுவது துளை. ஆள் விழுந்து உண்டாவது பொத்தல். வரைவில் இரண்டுமே 'துளை' என்று வருகிறது. 'துளையிலிருந்து வெளியேற' என்று படித்தால் ஏழெட்டு அங்குல வட்டம் என்றல்லவா நினைப்பான்?

> தடிமன் சோதனைக்கோல்

இதற்குக் கடப்பாரை என்று பெயர், தம்பி. நீளமான இரும்புக் கம்பி, அடியில் உளி முனை. நடக்கும்போது முன்னால் ஓங்கிக் குத்திப் பார்ப்பார்கள். முனை உள்ளே இறங்கினாலோ தண்ணீர் வந்தாலோ, வந்த வழியே திரும்ப வேண்டும். 'உளிக்கடப்பாரை' போதும்.

கட்டி எங்கே மெலிந்திருக்கும் என்ற பத்தியில் 'நீர் உட்புகு பகுதி, வெளியேறு பகுதி' என்று எழுதியிருக்கிறீர்கள். வரத்துக்கால் வந்து சேரும் இடம், மதகு, கோடி போகும் இடம், ஊற்றுக்கண், பாலத்தடி என்று எழுதினால் நம் மாவட்டத்தில் எந்தப் பிள்ளைக்குப் புரியாது? ஓட்டம் உள்ள இடத்தில் கட்டி பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

திருப்பத்தூரிலிருந்து:

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஒரு யோசனை: நடக்கத் தேவையான நாலு அங்குலத் தடிமன் என்பதை 'நாலு விரற்கடை' என்று போட்டால் அழகாக இருக்குமே?

குடியாத்தத்திலிருந்து:

அழகாக இருக்கும், ஆள் போய்விடுவான். விரற்கடை அங்குலத்தைவிடக் குறைவு. நாலு விரலைச் சேர்த்து வைத்தால் மூன்று அங்குலம்தான் வரும். அளவுகளில் தமிழழகு பார்க்க வேண்டாம், ஐயா. 4 அங்குலம், பக்கத்தில் 10 சென்டிமீட்டர், இரண்டும் இலக்கத்தில்.

வினிபெக்கிலிருந்து (ஊர் வாலாஜா):

அண்ணா, ஐயா, வணக்கம். இரவுப் பணி முடிந்து வந்து எல்லா மடல்களையும் ஒரே மூச்சில் படித்தேன். கடப்பாரைக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் பொருத்தம்தான்.

பொத்துவிழல் எனக்குப் பிடித்திருக்கிறது. வரைவில் அடுத்த வரியில் 'மூழ்கினால்' என்று இருக்கிறதே, அதைத்தான் எடுக்க வேண்டும். மூழ்கினால் என்றதும் நம் ஆட்கள் நீச்சல் தெரியுமா தெரியாதா என்று யோசிப்பார்கள். பாலாற்றில் வெள்ளம் வந்த 2021 நவம்பரில் நாம் கவலைப்பட்டது அதைப் பற்றி. இங்கே முதல் எதிரி குளிர். தண்ணீர் உடம்பில் பட்டதும் கேட்காமலே வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுக்கும், தொடர்ந்து மேல்மூச்சு வாங்கும். அந்த நேரம் முகம் நீருக்குள் இருந்தால் நீச்சல் வீரனுக்கும் கதை முடிந்தது. இதற்கு 'குளிரதிர்ச்சி' என்று ஒரு சொல் சேர்க்கலாமா?

இந்த ஊரில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதையே ஆராய்ந்தவர். தானே உறைநீரில் இறங்கிச் செய்து காட்டியிருக்கிறார். 1-10-1 என்பது அவர் வழியாகப் பரவிய கணக்கு. முதல் 1 நிமிடம் மூச்சைச் சீராக்கு. 10 நிமிடம் கைகால் உன் பேச்சைக் கேட்கும், அதற்குள் வெளியே வா. வர முடியாவிட்டாலும் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும், அதனால் பதறாதே. தாளில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் அண்ணா. விழுந்ததும் செத்தோம் என்று நினைப்பவன் அந்தப் பத்து நிமிடத்தையும் கத்தியே தொலைத்துவிடுவான்.

இப்போது அந்த 'பனிக்கட்டி ஊசி'. என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது. கைப்பிடி உயரத்துக்கு இரண்டு மரத்துண்டு, ஒவ்வொன்றின் முனையிலும் கூரான ஆணி, இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. கழுத்தைச் சுற்றிக் கோட்டுக்கு வெளியே தொங்கவேண்டும். ஈரக் கட்டியின்மேல் வெறும் கை வழுக்கும், பிடிமானமே கிடைக்காது. ஆணியைக் குத்தினால்தான் உடம்பை இழுக்க முடியும். பையில் வைத்து ஜிப் போட்டுவிட்டால், மரத்துப்போன விரல் ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்கும். ஊசி என்றால் துணி தைப்பது என்றுதான் பையன் எண்ணுவான், பையில்தான் போடுவான். வேறு சொல் வேண்டும்.

கடைசியாக ஒரு முறையீடு. ஐயா 'கட்டி' என்கிறார். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். 'வெண்கட்டி, தெளிகட்டி' என்றெல்லாம் படித்தால் யாருக்கோ உடம்பில் ஏதோ வந்திருக்கிறது என்றே தோன்றுகிறது!

குடியாத்தத்திலிருந்து:

அம்மா சொல்வது நியாயம். 'பாளம்' வைப்போம். மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாளம் என்று சொல்வது உண்டு. தெளிபாளம், வெண்பாளம். பாளம் என்றால் துண்டு, ஏரி முழுக்கப் பரந்ததற்கு ஆகாது என்று யாராவது இலக்கணம் பேசலாம். நிற்கிறவனுக்குத் தன் காலடியில் இருக்கும் துண்டுதானே கணக்கு?

வரைவில் இருந்த 'வெண்பனி' இதனால் போய்விடுகிறது, நல்லதுதான். கண்ணாடி மாதிரி, சற்றே நீலம் ஓடியிருப்பது தெளிபாளம். மேலே கிடந்த பனி நனைந்து திரும்ப உறைந்து, உள்ளே காற்றுக்குமிழியோடு வெளுத்திருப்பது வெண்பாளம். வெண்பாளத்துக்குப் பலம் பாதி என்றே கொள்ளச் சொல்கிறார்கள். மினசோட்டா இயற்கைவளத் துறை நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலத் தெளிபாளம் என்கிறது, வெண்பாளமானால் அதை இரட்டித்து 8 அங்குலம். சின்னக் காருக்குத் தெளிபாளமே 9, 10 அங்குலம். இதோடு, எந்தத் தடிமனும் முழுப் பாதுகாப்பு இல்லை என்ற அவர்கள் வரியையும் விடாமல் போடுங்கள். ஒரே ஏரியில் இங்கே ஒரு தடிமன், பத்தடி தள்ளி வேறு தடிமன் இருக்கும். போகப் போகத் துளை போட்டு அளக்க வேண்டும்.

மூன்றாவது வகையை எல்லோரும் மறந்துவிட்டோம். குளிர்காலம் முடியும்போது பாளம் தடிமனாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே நெட்டுக்குத்தாகச் சிம்பு சிம்பாகப் பிரிந்து பலமெல்லாம் போயிருக்கும். கயிறு இற்றுப்போயிற்று என்போமே, அதுதான் சொல்: 'இற்றபாளம்'. அளவுகோலை நம்பி இதன்மேல் போகக்கூடாது.

ஊசிக்குக் குத்தூசி என்று எழுத நினைக்கிறேன்.

ஆரணியிலிருந்து:

குத்தூசியா? அரிசி மண்டியில் வந்து கேட்டுப் பாருங்கள். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கிற குழாயைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வேண்டவே வேண்டாம். மாடு கட்ட அடிக்கிறோமே முளை, அதை வைத்துக் 'கைமுளை' என்று சொல்லுங்கள். கையில் பிடிப்பது, குத்தி நிற்பது, இழுத்தால் வராதது.

வினிபெக்கிலிருந்து (ஊர் வாலாஜா):

கைமுளை நன்றாக இருக்கிறது ஐயா. இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. தூண்டில் போட ஏரிமேல் வைக்கிற குடிசைக்குள் ஹீட்டர் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு கொன்றுவிடும், அதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்புறம், மிதவை அங்கி போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். ஆனால் மூடிய வண்டிக்குள் அதைப் போட்டிருக்கக் கூடாது. வண்டி நீருக்குள் இறங்கினால் அங்கி ஆளைக் கூரையோடு தூக்கிப் பிடித்துக்கொள்ளும், ஜன்னல் வழியாக வர முடியாது.

காட்பாடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. விழுந்த பிறகு செய்ய வேண்டியதை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"பொத்துவிழுந்தால் முதலில் மூச்சு. குளிரதிர்ச்சி ஒரு நிமிடத்தில் அடங்கும், அதுவரை தலையை நீருக்கு மேலே வை. கோட்டைக் கழற்றாதே, அதனுள் இருக்கும் காற்று உன்னை மிதக்க வைக்கும். வந்த திசைக்குத் திரும்பு, உன்னை அதுவரை தாங்கிய பாளம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கைமுளைகளைப் பாளத்தில் குத்து. காலை உதைத்து உடம்பைப் படுக்கை வாட்டத்துக்குக் கொண்டுவந்து, இழுத்து இழுத்து மேலேறு. ஏறியதும் எழுந்து நிற்காதே. பொத்தலிலிருந்து உருண்டே விலகு. இன்னொருவன் விழுந்தால் ஓடிப்போய் விளிம்பில் நிற்காதே. அவசர உதவி எண் 911 ஐக் கூப்பிடு. தூரத்திலிருந்தே கயிறு வீசு, ஏணியோ கழியோ நீட்டு."

உளிக்கடப்பாரை, தெளிபாளம், வெண்பாளம், இற்றபாளம், பொத்தல் எல்லாம் உள்ளே போய்விட்டன. அளவுகள் இலக்கத்தில். தலைப்பில் 'உறையேரித் தூண்டில்', கீழே சின்ன எழுத்தில் 'ஐஸ் ஃபிஷிங்'. கைமுளைக்குப் படம் ஒன்று போட்டாக வேண்டும், படம் இல்லாமல் முளைப்பயறு என்று யாராவது படித்துவிடுவார்கள். வாலாஜா அக்கா, உங்களிடம் இருக்கும் ஜோடியைக் கழுத்தில் மாட்டியபடி, முகம் தெரியாமல் ஒரு படம் எடுத்து ஞாயிறு மாலைக்குள் அனுப்ப முடியுமா?