பெரியப்பா டைப் பண்ணித் தந்த மலர்: ரெட்டை ஸ்பேஸ், வரிக்கு வரி என்டர், தேடினால் கிடைக்காத ஔவையார் – உதவி தேவை

பாலக்கோடு டிடிபி:

வணக்கம். பாலக்கோட்டில் சின்னதா ஒரு டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற) கடை வச்சிருக்கேன். எங்க பள்ளி முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுறாங்க, லேஅவுட் வேலை என்கிட்ட வந்திருக்கு. கட்டுரைகளை எல்லாம் டைப் பண்ணித் தந்தது எங்க பெரியப்பா. அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், தமிழ், இங்கிலீஷ் ரெண்டிலும் டைப்பிங் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணினவர். ஒற்றுப்பிழை தேடினாலும் கிடைக்காது. ஆனா கம்ப்யூட்டரையும் மெஷின் அடிச்ச கையோடுதான் அடிக்கிறார்.

ஃபைல் வேர்டில் இருக்கு, யூனிகோடுதான். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர். பக்கத்தை ரெண்டு காலமா (column) பிரிச்சதும் ஒரு வரி முழுசா வருது, அடுத்த வரியில் ரெண்டே சொல் நிக்குது. முற்றுப்புள்ளி வர்ற இடமெல்லாம் ரெண்டு ஸ்பேஸ். வரியின் ரெண்டு ஓரமும் நேரா நிக்க ஜஸ்டிஃபை கொடுத்தா நடுநடுவே ஓட்டை. கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் முன்னால ஒரு ஸ்பேஸ் விடுறார், அதனால கேள்விக்குறி மட்டும் தனியா அடுத்த வரியில் போய் உட்கார்ந்துக்குது.

எனக்குச் சுத்தமா புரியாதது ரெண்டு. தகடூர் அதியமான் கட்டுரையில் ஔவையார் பக்கத்துக்குப் பக்கம் வர்றார். கண்ணுக்குத் தெரியுது, ஃபைண்டில் தேடினா ஒண்ணுகூட இல்லைங்குது. நன்கொடைப் பட்டியலை எக்செல்லில் ஒட்டிக் கூட்டினா ஒரு தொகை காலத்தில் (column) பூஜ்யம் வருது, இன்னொண்ணில் தொகை குறையுது.

முழுசா மறுபடி அடிக்க நேரமில்லை. அவர்கிட்டயே கேட்டா "நான் அடிச்சதில் என்னடா தப்பு"ன்னு ஆரம்பிச்சிடுவார்.

நாலு ரோடு லேஅவுட் (தருமபுரி):

தம்பி, முதல்ல ஒரிஜினலை அப்படியே ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க. அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூணையும் சேர்த்து அழுத்துங்க. மறைஞ்சிருக்கிறதெல்லாம் தெரியும். ஸ்பேஸ் இருந்தா நடுவில் ஒரு புள்ளி, டேப் இருந்தா அம்பு, என்டர் இருந்தா திருப்பிப் போட்ட பி மாதிரி ஒரு குறி. இதைப் பார்க்காம ரீப்ளேஸில் கை வைக்காதீங்க.

இதில் வரிசை முக்கியம். பாராவுக்கும் பாராவுக்கும் நடுவே வெற்று வரி விட்டிருக்காரா, இல்ல பாரா தொடக்கத்தில் அஞ்சு ஸ்பேஸ் தள்ளியிருக்காரா? வெற்று வரின்னா ரெண்டு என்டர் சேர்ந்து வர்ற இடத்தை எல்லாம் @@@ன்னு மாத்துங்க. ரீப்ளேஸ் பெட்டியில் என்டருக்குக் குறி: 6ஆம் எண் சாவியில் ஷிஃப்டோடு வர்ற தொப்பிக்குறி, அதை ஒட்டி சின்ன எழுத்து பி. அஞ்சு ஸ்பேஸ் முறைன்னா என்டரும் அஞ்சு ஸ்பேஸும் சேர்ந்த இடத்தை @@@ ஆக்குங்க. அப்புறம் மிச்சமிருக்கிற ஒத்தை என்டரை எல்லாம் ஒரு ஸ்பேஸா மாத்தி, கடைசியா @@@ஐ என்டரா திருப்புங்க. பாரா பாராவா நிக்கும், வரி தானா ஓடும்.

கவிதை, முகவரி, பெயர்ப் பட்டியல் இதையெல்லாம் முன்கூட்டியே வேற ஃபைலுக்கு மாத்திடுங்க. அங்க என்டர் வேணும்.

இன்னொண்ணு, வரி ஓரத்தில் சொல்லைப் பாதியில் உடைச்சிருக்காரா?

பாலக்கோடு டிடிபி:

உடைச்சிருக்கார் அண்ணா. ஆனா ஹைஃபன் போட்டுத்தான் உடைச்சிருக்கார். "பள்ளிக்கூ-"ன்னு ஒரு வரி முடியுது, "டத்தில்"னு அடுத்த வரி. பாராவுக்கு அஞ்சு ஸ்பேஸ் முறைதான்.

நாலு ரோடு லேஅவுட் (தருமபுரி):

பெரியப்பா வாழ்க. ஹைஃபன் இல்லாம உடைக்கிறவங்கதான் தமிழில் அதிகம், அப்ப ஒவ்வொரு வரியாக் கண்ணால பார்க்கிறதைத் தவிர வழியே கிடையாது. உங்களுக்குப் பிழைச்சுது. எல்லாத்துக்கும் முன்னாடி, ஹைஃபனும் என்டரும் சேர்ந்த இடத்தை ஒண்ணுமில்லாம ஆக்குங்க. 'ரீப்ளேஸ் ஆல்' மட்டும் கொடுக்காம ஒவ்வொண்ணாப் பார்த்துக் கொடுங்க. தருமபுரி மாவட்டம் உருவானது 1965, கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004. "1965-2004"ன்னு எழுதினது வரி ஓரத்தில் உடைஞ்சிருந்தா 19652004 ஆயிடும்.

ஓசூர் கோடர்:

ரெண்டு ஸ்பேஸ் எல்லாம் டைப்ரைட்டர் காலத்துச் சமாச்சாரம் ப்ரோ. 2020லிருந்து மைக்ரோசாஃப்ட் வேர்டே இங்கிலீஷில் அதைத் தப்புன்னு கோடு போட்டுக் காட்டுது. வெப் பேஜில் எத்தனை ஸ்பேஸ் அடிச்சாலும் பிரவுசர் ஒண்ணாச் சுருக்கிடும். ரெண்டு ஸ்பேஸைத் தேடி ஒண்ணாக்குங்க, "0 மாற்றங்கள்"னு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்பக் கொடுங்க. மேட்டர் ஓவர். பெரியவங்களுக்கு இதைச் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க.

லோயர் ஹையர் (கிருஷ்ணகிரி):

ஏத்துக்காததுக்குக் காரணம் இருக்கு தம்பி. கிருஷ்ணகிரியில் டைப் கிளாஸ் நடத்துறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மெஷினில் ஒரு சாவி தட்டினா ரோலர் வண்டி ஒரே அளவுதான் நகரும். ஞ-வுக்கும் அதே தூரம், ர-வுக்கும் அதே தூரம், முற்றுப்புள்ளிக்கும் அதே தூரம். சின்னப் புள்ளி ஒரு முழு எழுத்துக்கான இடத்தில் தனியா நிக்கும். அதுக்குப் பிறகு ஒரே ஸ்பேஸ் விட்டா வாக்கியம் முடிஞ்சது கண்ணுக்குத் தெரியாது. அதனால கமாவுக்கு ஒண்ணு, முற்றுப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் ரெண்டு, பாராவுக்கு அஞ்சுன்னு சொல்லிக்கொடுப்போம். ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜேன்னு பக்கம் பக்கமா அடிக்கிற நாளிலேயே இதுவும் கையில் ஏறிடும்.

டைப்பிங் லோயர் பரீட்சையில் ஸ்பீடு நிமிஷத்துக்கு 30 சொல், 10 நிமிஷம். ஒரு சொல்லுக்கு 5 தட்டு, ஆக 1500 தட்டு. இதில் ஸ்பேஸும் ஒரு தட்டுதான், விட்டால் பிழைதான். உங்களுக்கு ஸ்பேஸ்ங்கிறது வெறும் காலி இடம். பரீட்சை எழுதினவங்களுக்கு அது ஒரு எழுத்து.

வரிக்கு வரி என்டருக்கும் இதே கதைதான். மார்ஜின் வர்றதுக்குச் சில எழுத்து முன்னாடி மணி 'டிங்'னு அடிக்கும். கை தானா லீவரைப் பிடிச்சு வண்டியைத் தள்ளிடும். உங்க பெரியப்பாவுக்கு இப்ப மணி அடிக்கலை, ஆனா திரையின் வலது ஓரத்தைக் கண்டதும் சுண்டுவிரல் என்டருக்குப் போயிடுது.

எக்செல் விஷயமும் எனக்குப் புரியுது. நான் பழகின பழைய இங்கிலீஷ் மெஷினில் 1ன்னு ஒரு சாவியே கிடையாது, சின்ன எல் எழுத்தைத்தான் ஒண்ணுன்னு அடிப்போம். பூஜ்யத்துக்குப் பெரிய ஓ அடிக்கிறவங்களும் உண்டு. ஆச்சரியக்குறி வேணும்னா ஒத்தை மேற்கோள் அடிச்சு, பேக்ஸ்பேஸ் தட்டி, அதே இடத்தில் கீழே புள்ளி. நன்கொடைப் பட்டியலில் ஒரு "1"ஐ செலக்ட் பண்ணி எழுத்துருவை மாத்திப் பாருங்க. அது 'எல்' எழுத்தா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

பாலக்கோடு டிடிபி:

அக்கா, கையெடுத்துக் கும்பிடணும். பாதிக்கு மேல 'எல்'தான்!

ஆடிட்டர் ஆபீஸ் பையன்:

எக்செல்லில் எண்ணா இருந்தா வலப்பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்தா இருந்தா இடப்பக்கம். நீங்களா அலைன்மென்ட் மாத்தலைன்னா இதுதான் அடையாளம். தொகை காலத்தை மட்டும் செலக்ட் பண்ணிட்டு 'எல்' எழுத்தை 1 ஆக்குங்க, 'ஓ' எழுத்தை 0 ஆக்குங்க. பெயர் காலத்தைச் சேர்த்து செலக்ட் பண்ணினா இங்கிலீஷ் பேர் எல்லாம் நாசம்.

அதோடு "ரூ.500/-"ன்னு அடிச்சிருப்பாரே? முன்னாடி "ரூ.", பின்னாடி "/-" ரெண்டும் இருந்தா எக்செல் அதை எண்ணாவே எடுக்காது. ரெண்டையும் தேடி வெற்றா மாத்துங்க. கூட்டல் சரியான பிறகு அச்சுக்குப் போற பட்டியலில் திரும்பப் போட்டுக்கலாம். பின்னால யாரும் ஒரு இலக்கத்தைச் சேர்த்துடக் கூடாதுன்னு போட்ட கோடு அது, காசோலையில் நாங்க இன்னைக்கும் விடுறதில்லை.

பழைய புத்தகம்:

ஓசூர் தம்பி சொன்னது பாதிதான் சரி. வாக்கியத்துக்கு வாக்கியம் அகலமா இடம் விடுறது டைப்ரைட்டரில் பிறக்கலை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகம் எதையாவது திறந்து பாருங்க, ஈய எழுத்துக் கோத்த அச்சிலேயே முற்றுப்புள்ளிக்குப் பின்னால தாராளமா இடம் இருக்கும். கேள்விக்குறிக்கு முன்னாலும் மெல்லிசா ஓர் இடைவெளி இருக்கும். பிரெஞ்சில் இன்னைக்கும் அது உண்டு. டைப்ரைட்டர் அச்சைப் பார்த்துப் பழகிக்கிச்சு, அச்சு அதை விட்ட பிறகும் டைப்ரைட்டர் விடலை.

வேர்டு சொல்லிட்டா வேதமும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு 2009 பதிப்பில் கைப்பிரதிக்கு ரெண்டு ஸ்பேஸ் நல்லதுன்னு சொல்லிட்டு, 2019 பதிப்பில் ஒண்ணுக்கு மாறிச்சு. தமிழில் கால்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் உரைநடையில் ஊன்றினதே ஆறுமுக நாவலர் காலத்தில்தான். அதுக்கு முன்னால ஓலையில் சொல்லுக்குச் சொல் இடமே விடலை. நம்ம தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கிற நடுகற்களைப் பார்த்தா, எழுத்து முழுக்க ஒரே ஓட்டம்.

ஓசூர் கோடர்:

அப்ப அந்த நடுகல் வீரருக்கு ஸ்பேஸ் பார் இல்லை. ஒத்துக்கிறேன் சார் 😄 ஆனா இப்ப வாட்ஸப்பில் முற்றுப்புள்ளி வச்சாலே கோவமா இருக்கியான்னு கேக்கிறாங்க, எல்லாரும் ".." போட்டு முடிக்கிறாங்க. அதை என்ன சொல்றது?

பழைய புத்தகம்:

அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதா இல்லை..

தமிழாசிரியை (அரூர்):

ஔவையாருக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. உங்கள் பெரியப்பா ஔ என்ற ஓர் எழுத்தை அடிக்கவில்லை. ஒ அடித்து, பக்கத்தில் ள அடித்திருக்கிறார். டைப்ரைட்டரில் அப்படித்தான் அடிப்பார்கள், தாளில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது "ஒ-ள-வையார்". "ஒளவை" என்று தேடிப் பாருங்கள், கிடைத்துவிடுவார். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌந்தர்யம் எல்லாமும் இதே கதியில்தான் இருக்கும்: ஒற்றைக்கொம்பு, எழுத்து, பிறகு ள.

ஆனால் கொம்பும் ளவும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஒரே தட்டில் ஔகாரக் குறியாக மாற்றிவிடாதீர்கள்! வெள்ளி, தெளிவு, வெளியூர், பெளவம் நான்கையும் எழுதிப் பாருங்கள். கடைசிச் சொல்லைத்தான் பௌவம் என்று திருத்த வேண்டும், மற்ற மூன்றும் சரியானவை. மொத்தமாக மாற்றினால் வெள்ளமும் தெளிவும் சிதைந்து புள்ளி தனியாக வட்டத்தில் மிதக்கும். "ஒள"வும் அப்படியே, "ஒளி", "ஒளிந்தான்" மாட்டிக்கொள்ளும். சொல் சொல்லாக மாற்றுங்கள்: ஒளவை, கெளர, மெளன, பெளர், பெளத்த, செளந்த, கெளத. ஒரு மலருக்கு இவ்வளவு போதும்.

பாலக்கோடு டிடிபி:

டீச்சர், ஔவையார் கிடைச்சுட்டார். வெள்ளியும் தப்பிச்சுது. நீங்க சொல்லலைன்னா 'ரீப்ளேஸ் ஆல்' கொடுக்கத்தான் இருந்தேன்.

என்டர், ரெட்டை ஸ்பேஸ், கேள்விக்குறிக்கு முன் ஸ்பேஸ் எல்லாம் முடிஞ்சுது, கூட்டலும் நோட்டோடு ஒத்துப்போகுது. ஒண்ணே ஒண்ணு பாக்கி. பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவா நினைவிடம் பத்தின கட்டுரையில் மட்டும் ரெட்டை இடைவெளி போகவே மாட்டேங்குது. தேடினா 0ன்னு சொல்லுது, கண்ணுக்கு ஓட்டை தெரியுது.

நாலு ரோடு லேஅவுட் (தருமபுரி):

அந்தக் கட்டுரை பெரியப்பா அடிச்சதா, எங்கயாவது இருந்து ஒட்டினதா? மறைகுறியைக் காட்டச் சொல்லிப் பாருங்க. புள்ளிக்குப் பதிலா மேலே குட்டி வட்டம் தெரிஞ்சா அது பிரியாத ஸ்பேஸ், நெட்டிலிருந்து ஒட்டினா அடிக்கடி வரும். தொப்பிக்குறியோடு சின்ன எஸ் போட்டுத் தேடி, சாதா ஸ்பேஸா மாத்துங்க. அப்புறம் ரெட்டை ஸ்பேஸை இன்னொரு தடவை ஓட்டுங்க.

பாலக்கோடு டிடிபி:

வட்டமேதான்! கட்டுரை எழுதினவர் வாட்ஸப்பில் அனுப்பினதை நான்தான் ஒட்டினேன், பெரியப்பா தொடவே இல்லை. இப்ப கிளீன்.

இனி ப்ரூஃப். ஃபைலை அவர்கிட்ட கொடுத்தா மறுபடி ரெட்டை ஸ்பேஸ் விழுந்துடுமே?

லோயர் ஹையர் (கிருஷ்ணகிரி):

ஃபைலைக் கொடுக்காதீங்க, பிரிண்ட் எடுத்துச் சிவப்புப் பேனாவோடு கொடுங்க. பேப்பரில் அவரை மாதிரி ப்ரூஃப் பார்க்கிறவங்க இப்ப கிடைக்க மாட்டாங்க. ஒருவேளை அவர் வாக்கியத்துக்கு நடுவில் இடம் விடச் சொல்லிக் குறி போட்டா, அதை மட்டும் கண்டுக்காதீங்க.

பாலக்கோடு டிடிபி:

சரிக்கா. தங்கச்சி வேற ஆகஸ்ட்ல லோயர் எழுதுறா, பெரியப்பாதான் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறார். அவளை ஒரு ஸ்பேஸுக்கு மாத்தச் சொல்லவா?

லோயர் ஹையர் (கிருஷ்ணகிரி):

ஐயோ வேண்டாம். பரீட்சை முடியிற வரைக்கும் அவ பக்கமே போகாதீங்க. பெரியப்பா சொல்ற மாதிரியே அடிக்கட்டும்.