சி.சி. பைல்: வசூல் எப்படி வந்தது, எங்கே போனது?

டச்டவுன்:
சி.சி. பைலை ‘அமெரிக்காவின் முதல் ஸ்போர்ட்ஸ் ஏஜென்ட்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், கணக்கை யாரும் சொல்வதில்லை. 1925இல் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் நட்சத்திரம் ரெட் கிரேஞ்சை வைத்து அள்ளியவர், 1928 ஓட்டப்பந்தயத்தில் கையைச் சுட்டுக்கொண்டது எப்படி?

கணக்கர்:
பைல் வாங்கியது கமிஷன் அல்ல, பங்கு. இலினாய் மாநிலத்தின் சாம்பெயினில் சினிமா தியேட்டர் நடத்தியவர். வசூலைப் பிரிப்பது அவருக்குக் கைவந்த கலை. தொழில்முறை அணியான சிகாகோ பேர்ஸிடம் கிரேஞ்சுக்குச் சம்பளம் பேசவில்லை, டிக்கெட் வசூலில் பாதி கேட்டார். அந்தப் பாதியில் கிரேஞ்சுக்கு 60 சதவீதம், தனக்கு 40. கிரேஞ்சின் கடைசிக் கல்லூரி ஆட்டம் நவம்பர் 21. 26ஆம் தேதியே பேர்ஸுக்காக இறங்கிவிட்டார். டிசம்பர் 6, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் 65,000க்கு மேல் கூட்டம். கடனில் தத்தளித்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியே அன்றுதான் மூச்சுவிட்டது.

கோளாறு அட்டவணையில்: 12 நாளில் 8 ஆட்டம். பிட்ஸ்பர்கில் கிரேஞ்சுக்குக் கையில் அடி, டெட்ராய்ட்டில் இறங்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரே ஆளின் பெயரில் டிக்கெட் விற்றால் அப்படித்தான்.

பேஸ்லைன்:
1926ஐ விட்டுவிட்டீர்களே. யாங்கீ ஸ்டேடியத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டு பேர்ஸ் ஆடும் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் தன் அணிக்கு இடம் கேட்டார்; கிடைக்கவில்லை. வீம்புக்கு 9 அணிகளோடு தனி லீக். ஒரே சீசனில் படுத்துவிட்டது. அதே வருடம் டென்னிஸில் பிரெஞ்சு நட்சத்திரம் சூசான் லாங்லெனை 50,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அமெரிக்க வீராங்கனை மேரி கே. பிரவுனோடு 38 ஆட்டம், 38ஐயும் லாங்லெனே ஜெயித்தார். முடிவு தெரிந்த ஆட்டம்தான், ஆனால் ஊர் ஊராகப் போனதால் போணியானது. லாபத்தோடு நிறுத்திக்கொண்டார், புத்திசாலி.

நெடுஞ்சாலை66:
ஓட்டப்பந்தயத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்குக்கு 84 நாள், 3,400 மைலுக்கு மேல். சராசரியாக நாளுக்கு 40 மைல். புறப்பட்டவர்கள் 199, முடித்தவர்கள் 55. இதில் டிக்கெட் வாங்கி நுழையும் கேட் கிடையாது! சாலையோரம் நின்று ஓசியில் பார்த்துவிடலாம். ராத்தங்கும் ஊர்கள் தரும் தொகையையும் நிகழ்ச்சிப் புத்தக விற்பனையையும் நம்பினார். பல ஊர்கள் கையை விரித்தன. தினம் ஓட்டக்காரர்களுக்குச் சோறு, கூடாரம், வண்டிச் செலவு மட்டும் நிற்கவில்லை. ஆண்டி பெய்னுக்கு முதல் பரிசு 25,000 டாலரை எப்படியோ கொடுத்துவிட்டார். 1929இல் திரும்ப நடத்தியபோது ஜெயித்த ஜானி சலோவுக்குப் பரிசுப் பணமே வரவில்லை.

டச்டவுன்:
கல்லூரி ஆட்டக்காரரை அப்படி உடனே இழுத்ததை யாரும் தடுக்கவில்லையா?

கணக்கர்:
தடுத்தார்கள், பிறகு. கல்லூரி ஆட்டக்காரர் யாரையும் அவருடைய வகுப்புத் தோழர்கள் பட்டம் வாங்கும்வரை எடுக்கக் கூடாது என்று 1926இல் என்எஃப்எல் விதி போட்டது.